வாழ்ந்து மறைந்த நரிகளின் நினைவாக

2024 நவம்பர் 18, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நாளை முதல் காலை நடைக்கு வாசலை விட்டு இறங்கியதும் வலப்பக்கம் திரும்ப மாட்டேன். இடப்பக்கம் திரும்புவேன். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து நடைமுறையில் இருக்கும் ஏற்பாடு என்பதால் வீட்டில் முறைப்படி அறிவித்தேன். என் கணவர் ரகுநாதன் செய்தித்தாளை இறக்காமலே, "ஏன், வலப்பக்கம் என்ன பண்ணுச்சு?" என்றார்.

வலப்பக்கம் ஒன்றும் பண்ணவில்லை. மூன்றாம் தெருவில் மோகன் நிற்பார். சர்க்கரை, கொலஸ்ட்ரால், மருமகன் என்ற வரிசையில் எனக்குத் தினமும் செய்தி வாசிப்பார். இடப்பக்கமாகச் சுற்றினால் அவரைக் கடைசியில்தான் சந்திக்க வேண்டியிருக்கும். அப்போது மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 19

எங்கள் நகரின் ஈசானி மூலையில், முள்ளுப் புதருக்குப் பக்கத்தில், ஒன்று நின்று என்னைப் பார்த்தது. நாய் என்று நினைத்தேன்.

நாய் இல்லை.

நவம்பர் 21

இன்றும் நின்றது. மண் நிறம், முதுகில் கொஞ்சம் கறுப்பு, வால் நுனி கறுப்பு. காது மட்டும் என் பக்கம் திரும்பியது, பிறகு முகம். அவசரமே இல்லாமல் புதருக்குள் போய்விட்டது. புதருக்குப் பின்னால் ராணுவ நிலத்தின் சுற்றுச்சுவர். அதன் அடியில் மழைநீர் போக ஒரு ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் வீடு கட்டாத காடு. இந்தப் பக்கம் நாங்கள்.

எங்கள் நகரின் பெயர் புங்கந்தோப்பு அவென்யூ. வெள்ளானூருக்குப் போகிற வழியில் இருக்கிறது. புங்கமரம் கிடையாது. இங்கே எதை வெட்டினார்களோ அதன் பெயரை வைப்பது வழக்கம்.

ராணுவ டாங்கித் தொழிற்சாலையின் தொழில்நுட்ப நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாங்கி எஞ்சின் கையேடுகளுக்கு நடுவில் யாரோ மறந்துபோய் வாங்கிய ஒரு பாலூட்டிகள் புத்தகம் இருந்தது. பழைய புத்தகங்களைக் கழித்துக்கட்டும்போது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன்.

நரி.

நவம்பர் 24, ஞாயிறு

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டம். ரகுநாதன்தான் செயலாளர். வேலையில் இருந்தபோது தர ஆய்வுப் பிரிவு. அங்கே நிராகரிக்க முடியாமல் போனதையெல்லாம் இப்போது இங்கே நிராகரித்துக்கொண்டிருக்கிறார்.

பொருள்: பூங்காவுக்குச் சிலை. திருவேற்காட்டில் ஒரு நகரில் டைனோசர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து இங்கே யாருக்கும் நிம்மதி இல்லை. நமக்கும் அழிந்துபோன விலங்குதான் வேண்டும், ஆனால் அவர்களைப் பார்த்து வைத்ததுபோல் இருக்கக் கூடாது.

டோடோ பறவையை மோகன் எதிர்த்தார். "வாத்துன்னு நினைப்பாங்க. தினம் யாரு நின்னு விளக்கம் சொல்றது?" மாமூத் யானை என்று ஒரு குரல். முதல் தெரு ஜேம்ஸ், "உடம்பெல்லாம் முடி சார் அதுக்கு. மே மாசத்துல பாக்கவே பாவமா இருக்கும்" என்றார். சிவிங்கிப்புலி கிட்டத்தட்ட தேர்வாகிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று யாரோ போனில் தேடிச் சொன்னதால் தகுதி இழந்தது.

அப்போது தங்கவேல் எழுந்தார். இரண்டாம் தெரு, வாழப்பாடிக்காரர், எங்கள் தொழிற்சாலையிலேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நாங்க குவார்ட்டர்ஸ்ல இருந்தப்ப இங்கெல்லாம் நரி ஊளையிடுங்க. எங்க வீட்டுக்காரம்மா லைட்டே அணைக்காது. இப்ப ஒண்ணுகூட இல்லீங்களே."

பிறகு நரி ஒருமனதாகத் தேர்வானது. டைனோசர் போன கதை நமக்குத் தெரியாது. நரி போனதில் எல்லோருக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

கல்வெட்டு வாசகத்துக்காக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் அடுக்கினவளுக்கு வாக்கியம் வரும் என்று ஒரு நம்பிக்கை. எழுதிக் கொடுத்தேன்: "இவ்விடத்தில் வாழ்ந்து மறைந்த நரிகளின் நினைவாக."

கைதட்டினார்கள். காலையில்தான் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

நவம்பர் 25

ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருந்தால் என்ன நடக்கும்? "பிள்ளைங்க விளையாடுற இடம்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். வெறிநாய்க்கடி பற்றி ஒருவர் கட்டுரை அனுப்புவார். கூண்டு வரும். கூண்டில் பிடித்ததை எங்கே விடுவார்கள்? விடுவார்களா? இல்லாத நரிக்கு இங்கே சிலை உண்டு. இருக்கிற நரிக்கு என்ன உண்டு?

ரகுநாதனிடமாவது சொல்லலாம். சொன்னால் அவர் செயலாளரிடம் சொல்லிவிடுவார்.

நவம்பர் 30

புயல். பகல் முழுக்க மழை. சுவர் ஓட்டையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும்? ஏரி நிரம்பினால்? ஜன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். "மாடில துணி ஏதாவது கெடக்கா?" என்றார் ரகுநாதன். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 3

வந்தது. ஒரு காலை லேசாகத் தூக்கித் தூக்கி வைத்தது. முள்ளாக இருக்கும். முள்தான். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பூந்தமல்லியில் முகமது ஆசிக்கின் பட்டறை. எல்லாம் ஃபைபர் உருவங்கள். துணிக்கடை வாசலுக்கு யானை, ஐஸ்கிரீம் கடைக்குக் கரடி, ஒரு டைனோசர். அதன் தலை மட்டும் தனியாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"நரி இதுவரிக்கும் யாரும் கேட்டதில்ல சார். படம் எதுனா கீதா?"

ரகுநாதன் போனை நீட்டினார். ஆரஞ்சு நிறம், வெள்ளை வால் நுனி, கால்களில் கறுப்பு. பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது.

"சோக்கா கீது சார்."

"இது வெளிநாட்டு நரிங்க. நம்ம நரி மண் நிறமா இருக்கும். வால் நுனி கறுப்பு" என்றேன்.

"மண்ணு கலர்ல பண்ணி வச்சா நாயின்னுதான் மேடம் சொல்லுவாங்க. எம்பேரு பூடும்."

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகத்துல இருக்கட்டும் ரேணு" என்றார் ரகுநாதன். "இங்க அதை யாரு பாத்தா?"

ஆசிக் என்னைப் பார்த்தார். நான் காய்ந்துகொண்டிருந்த தலையைப் பார்த்தேன்.

டிசம்பர் 10

கீரை கொண்டுவரும் முனியம்மாவிடம், ஏதோ பேச்சு வந்ததுபோல, நரியை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எங்கள் வீடு நிற்கும் இடத்தில் நாற்று நட்டவர் அவர். "நரியா? கெடையாண்ட வந்து எங்க ஆட்டுக்குட்டிய தூக்கினு போச்சே, அந்தக் கய்தைதானே? அதுக்கா செலை வக்கிறீங்கோ? எங்க நைனா இருந்தா கல்லால அடிச்சே ஒடச்சிடுவாரு, செலைய."

நரியை நரியாகவே நினைவு வைத்திருக்கும் ஒரே ஆள். அவரிடமும் சொல்ல முடியாது.

டிசம்பர் 15, ஞாயிறு

சிலையின் படம் வாட்ஸப் குழுவில் வந்தது. இதயங்களும் கட்டைவிரல்களும். நரி புன்னகைத்துக்கொண்டிருக்கிறது. ஐஸ்கிரீம் விற்காததுதான் குறை.

மாலையில் தங்கவேல் படியேறி வந்தார். ரகுநாதன் அம்பத்தூர் போயிருந்தார். "ஏனுங்க மேடம், நரி இந்தக் கலர் இல்லீங்களே. நான் மடியில வச்சுப் புடிச்சிருக்கேன்."

அவர் ஊரில் பொங்கல் முடிந்ததும் வலை கட்டி ஒரு நரியைப் பிடிப்பார்களாம். அது சின்ன ஜாதி, வங்காநரி. மாலை போட்டு மேளத்தோடு கோவிலுக்குக் கொண்டுபோய், ஊரே அதன் முகத்தைப் பார்த்த பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இப்போது பிடிக்கக் கூடாது என்று தடை. "நரி மொகத்துல முழிச்சா அந்த வருசம் நல்லாருக்குமுங்க. பின்பக்கம் பாத்தா ஆகாதுங்க. மொகம் பாக்கணும். அதுவும் கண்ணைத் தொறந்ததும் மொதல்ல." பிறகு, சிரித்துக்கொண்டே: "நான் முழிக்கறது பால் பாக்கெட்டு மொகத்துலதானுங்க."

அந்தச் சிரிப்பில்தான் நான் தொலைந்தேன். சொல்லிவிட்டேன்.

அவர் எங்கே, எப்போது, எத்தனை என்று எதையும் கேட்கவில்லை. "மொகத்தைப் பாத்தீங்களா?" என்றார்.

டிசம்பர் 16

எதுக்குடி சொன்ன? யாரு கேட்டா? இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தவ, ஒரு பால் பாக்கெட்டுக்குப் போய் —

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். மாரியம்மன் மேல். நம்பலாம்.

டிசம்பர் 17

அழைத்துப் போனேன். அது வந்து, நின்று, பார்த்தது. தங்கவேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நான் என் கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 20

தங்கவேலின் மகள் சௌம்யாவுக்கு இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் நேர்முகத் தேர்வு. வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லையாம். "ஒரே ஒரு தடவை மேடம். புள்ளை மட்டும்." எப்படி மறுப்பேன்?

பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திறந்தாள். நரி நின்றது. "நாய் மாதிரி இருக்குப்பா" என்று முணுமுணுத்தாள். ஆசிக் சொன்னது சரி.

டிசம்பர் 23

வேலை கிடைத்துவிட்டது. தங்கவேல் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ரகுநாதன் வாழ்த்தினார். "எல்லாம் மேடம் புண்ணியமுங்க" என்றார் தங்கவேல். ரகுநாதன் என்னைப் பார்த்தார். ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் தெரு முழுக்க ஜாங்கிரி போயிருக்கிறது. ஜாங்கிரியோடு வேறு என்ன போயிருக்கும்?

டிசம்பர் 27

புதருக்கு முன்னால் மூன்று குடும்பம். ஒரு வாழையிலையில் கோழி எலும்பு.

டிசம்பர் 31

குழுவில் மோகன்: "நாளை புத்தாண்டு நரி தரிசனம். காலை 5.45. கண்களை மூடி வரவும்."

ரகுநாதன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நவம்பர்."

"கல்வெட்டு எழுதினப்பவே?"

"ம்."

"தங்கவேலுகிட்ட சொல்லியிருக்க."

தட்டை அவரே கழுவி வைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை.

2025 ஜனவரி 1

விடியலில் எங்கள் நகரமே கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. பிள்ளைகள் பெரியவர்களைக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். மோகன் நிறுத்தியிருந்த ஒரு காரில் மோதி, கண்ணைத் திறக்காமலே காரிடம் மன்னிப்புக் கேட்டார். ஜேம்ஸிடம், "நீங்களுமா சார்?" என்றேன். "சேச்சே. நான் சும்மா வாக்கிங்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

நரி வரவில்லை. பிறகு புதருக்குள் ஒரு அசைவு. இலைகளுக்கு நடுவில் வால் தெரிந்தது, கொஞ்சம் முதுகு. அவ்வளவுதான்.

"பின்பக்கம்டா! நான் பின்பக்கத்தைப் பாத்துட்டேன்டா!" என்று ஒருவர் கிட்டத்தட்ட அழுதார். ஒரு வருஷம் முழுக்க அவருக்கு இருக்கிறது.

ஜனவரி 2

வனத்துறை எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போனால்? வராமலே இருந்தால்? எதைக் கேட்டு அழைக்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

சங்கக் கூட்டம். இவ்வளவு பேர் வந்து பார்த்ததில்லை. கூண்டு, வெறிநாய்க்கடி என்று யாராவது ஆரம்பிப்பார்கள் என்று ஒன்றரை மாதமாகப் பயந்திருந்தேன். ஒருவரும் ஆரம்பிக்கவில்லை. எல்லோருக்கும் நரியைப் பிடித்துப்போய்விட்டது. இதற்குப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் தீர்மானம்: கல்வெட்டில் "வாழ்ந்து மறைந்த நரிகளின் நினைவாக" என்பதை "வாழும் நரியின் பெருமையாக" என்று மாற்றுவது. பழைய கல் செதுக்கி வந்துவிட்டது. பரவாயில்லை, புதிது செய்யலாம்.

இரண்டாவது: பொங்கலுக்குள் புதரை எடுப்பது. முகம் தெரிய மாட்டேன் என்கிறதே. அதோடு சீமைக்கருவேலம். சீமைக்கருவேலத்தை வெட்டாதே என்று இந்தக் காலத்தில் யாரால் பேச முடியும்?

நான் பேசினேன். "அது அங்க இருக்கிறதே அந்தப் புதருக்காகத்தான். புதரை எடுத்தா போயிடும்."

"எங்க போவும் மேடம்?" என்றார் மோகன். "நாமதான் சோறு போடுறோமே. ராஜா மாதிரி வச்சிக்குவோம்."

"ராஜாவுக்கு முள்ளு எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

தங்கவேலைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு வேலை வாங்கித் தந்த முகம். இன்னும் நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

செயலாளரைப் பார்த்தேன். "ஆட்சேபணை பதிவு செய்யப்படும்" என்றார். பதிவேட்டில் "ஒருமனதாக" என்று எழுதினார்.

வரும் வழியில், "என்கிட்ட முதல்லயே சொல்லியிருந்தா நான் இதை கூட்டத்துக்கே வர விட்டிருக்க மாட்டேன்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் தாங்கவில்லை.

ஜனவரி 9

காலையில் போனேன். அது நின்றது. ச்சூ என்று கையை வீசினேன். கல்லை எடுத்து, அதன்மேல் படாமல் பக்கத்தில் போட்டேன். போய்விடு, சுவருக்கு அந்தப் பக்கம் போ, இங்கே வராதே. ஓடவில்லை. கல் விழுந்த இடத்தை முகர்ந்து பார்த்தது. சாப்பாடு என்று நினைத்திருக்கிறது.

ஜனவரி 11, சனி

ஜேசிபி வந்தது. காலை காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் புதர் இல்லை. இவ்வளவு சின்ன இடமா அது? தரையில் ஒரு பள்ளம். அதில் கோழி எலும்பு, ஒரு குழந்தைச் செருப்பு, கொஞ்சம் முடி.

சுவர் ஓட்டை வெளியே தெரிந்தது. பாம்பு வரும் என்றார்கள். சிலையின் பீடத்துக்கு வைத்திருந்த சிமெண்டில் மிச்சம் இருந்தது. பூசினார்கள்.

அது எந்தப் பக்கம் இருந்தது, பூசும்போது?

ஜனவரி 14, பொங்கல்

எல்லோரும் கண்ணை மூடி வந்தார்கள். வரிசையாக நாற்காலி போட்டிருந்தது. மோகன், "இப்பத் தொறங்க!" என்றார்.

சுவர் தெரிந்தது.

காத்திருந்தார்கள். வெயில் ஏறியதும் பொங்கல் வைக்க நேரமாகிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தங்கவேல் மட்டும் கடைசி நாற்காலியில். "வருமுங்க" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஜனவரி 17

இல்லை.

ஜனவரி 20

இன்று செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது இவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டார். என்னோடு நடக்க வந்து எத்தனையோ காலம். வாசலை விட்டு இறங்கினோம். நான் நின்றேன். அவரே இடப்பக்கம் திரும்பினார்.

மூலையில் இரண்டு பேரும் நின்றோம். தர ஆய்வுப் பிரிவில் செய்வதுபோல் சுவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனார். குனிந்து, சிமெண்டைச் சாவியால் சுரண்டினார். நல்ல கலவை. வரவில்லை.

"ரேணு, அது எப்படி நிக்கும்?"

சொன்னேன். காது முதலில், பிறகு முகம். தலையை ஆட்டினார். மண் நிறம் என்றபோது, "ஆமா, நீ அன்னிக்கே சொன்ன" என்றார்.

ஜனவரி 23

மழைநீர் வடிகாலுக்காக என்று காரணம் சொல்லி, சுவர் ஓட்டையைத் திறக்க ஆள் வைத்தார். சங்கத்தில் கேட்கவில்லை. பதிவேட்டிலும் இல்லை. திறந்தாயிற்று.

தினமும் போகிறோம். ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துப் புல் தெரிகிறது.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். கொடியேற்றம், மிட்டாய், பூங்காவில் நரிச் சிலை திறப்பு. நல்ல ஆரஞ்சு. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுப் போக வசதியாக முகத்தை மெயின் கேட் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள். சௌம்யா அதனோடு படம் எடுத்துக்கொண்டாள். தங்கவேல் வரவில்லை.

கல்வெட்டை மாற்றும் தீர்மானம் நேற்று திரும்பப் பெறப்பட்டது. பழைய கல்லையே பதித்தார்கள்.